கடைமடையில் ஓர் இதயம்: நன்னீர் மீன்களின் இதயத் திசு அமைப்பு

மேட்டூரில் திறக்கப்படும் காவிரி நீர், வழியிலுள்ள வயல்களையெல்லாம் நனைத்த பின்னரே அரசலாற்றின் வழியாகக் காரைக்காலை வந்தடைகிறது என்பதை நாம் நன்கறிவோம். கடைமடையில் வாழும் நமக்கு நன்னீர் மீனின் இதயத்தைப் புரிந்துகொள்வது எளிது. அதுவும் கடைமடையிலேயே வாழ்கிறது.

மீனின் இதயத்தில் சிரைப்பை, மேலறை, கீழறை, தமனிக்குமிழ் என்னும் நான்கு பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. முதலிரண்டின் சுவர்கள் மெல்லியவை. தடித்த தசையாலான கீழறையே இரத்தத்தை உந்தித் தள்ளுகிறது. தமனிக்குமிழில் மீள்திறன் மிக்க நார்கள் மிகுந்திருப்பதால், அது விரிந்து சுருங்கி, மென்மையான செவுள்களுக்கு இரத்தம் சீராகச் செல்லத் துணைபுரிகிறது.

கீழறையின் மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் காணின், வெளியுறை, தசையடுக்கு, அகவுறை ஆகிய மூன்றும் புலப்படும். தசையடுக்கின் உட்பகுதி கடற்பஞ்சு போன்றது. தசையிழைகள் வலையெனப் பின்னிக் கிடக்க, இடைவெளிகளில் இரத்தம் நிறைந்திருக்கும். பல மீன்களில் இப்பஞ்சுத் தசை மட்டுமே உண்டு. சாதாக் கெண்டையிலோ அதற்கு வெளியே செறிந்த தசையடுக்கு ஒன்றும், அதற்குச் செவுள்களிலிருந்து ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொணரும் கரோனரித் தமனிகளும் அமைந்துள்ளன.

அத்தகைய தமனிகள் எட்டாத பஞ்சுத் தசைக்குத் தன்னூடே பாயும் இரத்தமே ஆதாரம். அதுவோ, பிற உறுப்புகளுக்கெல்லாம் ஆக்சிஜனை வழங்கிவிட்டுத் திரும்பும் சிரை இரத்தம். உடல் முழுவதையும் ஊட்டும் இதயம், தான் மட்டும் மிச்சத்தைக் கொண்டு வாழ்கிறது!

கழிவும் உரமும் கலந்து குளத்தில் பாசி பெருகினால் நேர்வது என்ன? இரவில் பாசியும் ஆக்சிஜனை நுகர்வதால், விடியற்காலையில் நீரில் அது மிகவும் குறைந்துவிடுகிறது. மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் பிளக்கின்றன. திரும்பும் இரத்தத்தில் மிச்சம் அருகிவிட, இதயத்துடிப்பு தளர்கிறது. விரால் மீன் தலையிலுள்ள காற்றறையால் காற்றையும் சுவாசிக்கவல்லது. அங்கு ஆக்சிஜன் பெற்ற இரத்தம் சிரை இரத்தத்துடன் கலந்து இதயத்தை அடைவதால், அது தாக்குப்பிடிக்கிறது. கெண்டைக்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஆகவே, ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் காணும் அவ்விளஞ்சிவப்பு வலை வெறும் தேர்வுப் பாடமன்று; நம் குளங்களின் நிலையை உரைக்கும் சான்றாகும். கடைமடைக்கும் நீர் வந்து சேர வேண்டும் என்று கேட்கும் நாம், மீனின் கடைமடைக்கும் ஆக்சிஜன் சென்று சேருமாறு நம் நீர்நிலைகளைத் தூய்மையாகக் காத்தல் கடமையன்றோ?