மதி காத்த கோள்

புவிநிலைத் தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் முழுப்பயன் தரவேண்டுமாயின், நிலநடுக்கோட்டிற்கு மேல் ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில் நிலைபெறல் வேண்டும். அவ்வுயரத்தை நோக்கி அதனை உந்துவது ஏவூர்தியின் மேலடுக்கு.

1997 டிசம்பரில் பைக்கனூரிலிருந்து புரோட்டான் ஏவூர்தி சுமந்து சென்ற ஆசியாசாட் 3, மேலடுக்கின் இரண்டாம் எரிப்புத் தொடங்கிய உடனே நின்றுவிட்டமையால், சாய்ந்த நீள்வட்டப் பாதையில் சிக்கியது. காப்பீட்டாளர் முழு இழப்பென அறுதியிட்டனர்.

கோளைச் செய்தளித்த ஹியூஸ் நிறுவனத்தாரோ எஞ்சிய எரிபொருளைக் கணக்கிட்டனர். பாதையின் சாய்வைப் புவியருகிலேயே திருத்த அது போதாது; நிலவின் ஈர்ப்பைத் துணைக்கொண்டால் போதும். 1998 மே, ஜூன் திங்கள்களில் இருமுறை நிலவை அணுகி மீண்ட கோள், புவியின் சுழற்சியோடு ஒத்தியங்கும் பாதையை அடைந்தது.

மதி என்னும் தமிழ்ச்சொல் நிலவையும் குறிக்கும், அறிவையும் குறிக்கும். இக்கோளைக் காத்தவை அவ்விரு மதிகளுமே.