டெக்ஸுக்கு எதற்கு வண்ணம்?

திருமழிசைப் பக்கம் பெட்டிக்கடைகளில் காமிக்ஸ் தொங்கிய காலம் மலையேறிவிட்டது. லயன், முத்து இதழ்கள் வேண்டுமென்றால் சிவகாசிக்குச் சந்தா கட்டிவிட்டுக் கூரியருக்குக் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் பூந்தமல்லி வழியாகப் பேருந்து ஏற வேண்டும். சந்தாவில் புரட்டிப் பார்க்காமலே வாங்குவதால் வாசகர்கள் பலரும் முதலில் கேட்பது "கலரா, கறுப்பு-வெள்ளையா?" என்பதைத்தான். கலர் என்றால் கொடுத்த காசுக்கு நியாயம், கறுப்பு-வெள்ளை என்றால் பதிப்பகம் கையைச் சுருக்கிவிட்டது என்று ஒரு கணக்கு. அண்மைக்காலமாக டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் மாற்றி மாற்றிப் படித்து வருவதில் இந்தக் கணக்கின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஓவியர் எதற்காக வரைந்தாரோ அந்த வடிவத்தில் படிப்பதே அந்தக் கதைக்குச் செய்யும் மரியாதை என்பேன்.

டெக்ஸையே எடுத்துக்கொள்வோம். 1948-ல் கதாசிரியர் பொனெல்லியும் ஓவியர் கலெப்பினியும் இத்தாலியில் தொடங்கிய இந்தத் தொடர், அங்கே இன்றும் மாதாமாதம் கறுப்பு-வெள்ளையில்தான் வருகிறது. நூறாவது, இருநூறாவது என்று சதமடிக்கும் இதழ்களுக்குக் கலர் பூசுவது அவர்கள் வழக்கம். பண்டிகைக்குப் புதுச்சட்டை மாதிரி. பின்னால் யாரும் வந்து வண்ணம் பூசப்போவதில்லை என்று தெரிந்த ஓவியர், இரவையும் புழுதியையும் வெயிலையும் மையாலேயே கொண்டுவந்தாக வேண்டும். டெக்ஸை வரையும் ஃபாபியோ சிவிடெல்லி புள்ளி புள்ளியாக வைத்து ஒரு நிலவொளியை எழுப்புகிறார். அதன்மேல் நீலத்தைத் தடவினால் புள்ளிகள் அழுக்காகத் தெரியும். நம்பாதவர்கள் ஒன்று செய்யலாம்: வசனங்களை விட்டுவிட்டு ஒரு பக்கத்தில் கறுப்பு எங்கே குவிந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இரவுக்கழுகார் என்ற டெக்ஸும் அவர் தோழர் கார்சனும் எந்தப் பக்கமிருந்து ஆபத்தை எதிர்பார்க்க வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

இரும்புக்கை மாயாவியும் இதே சாதிதான். 1972-ல் முத்து காமிக்ஸ் இவரோடுதான் தொடங்கியது. மூலக் கதை 1962-ல் பிரிட்டனின் வேலியண்ட் வார இதழில் வந்தது. ஓவியர் ஸ்பெயின்காரரான பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும் காட்சி, நிழலை நம்பியே வரையப்பட்டது.

இதே நியாயம் மறுபக்கமும் வெட்டும். ஷார்லியே எழுத, ஜிரோ வரைய, 1963-ல் பிரான்சில் பிறந்த கேப்டன் டைகர் வண்ண ஆல்பத்துக்கென்றே உருவானவர். 'தங்கக் கல்லறை' தமிழில் முதலில் கறுப்பு-வெள்ளையில் வந்து, பிறகு வண்ணத்தில் மறுபதிப்பானது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்: ஜிரோவின் நெருக்கமான கோடுகள் முன்னதில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, பாலைவனத்தின் சூடு பின்னதில்தான் உறைக்கிறது. 'இரத்தப் படலம்' தொடரின் 18 பாகங்களும் 2010-ல் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு-வெள்ளையில் வந்ததைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதன் மூலத்துக்கு வண்ணம் தீட்டியவர் ஓவியர் வான்ஸின் மனைவி பெட்ரா. அங்கே வண்ணம் படைப்பின் ஒரு பாகம், அதை எடுத்துவிட்டால் குறைதான்.

இத்தாலியிலேயே டெக்ஸ் கலரில் மறுபதிப்பாகிறதே என்று கேட்கலாம். ஆகிறது; விற்கவும் செய்கிறது. விற்பனை வேறு, ஓவியம் வேறு. சிறுவயது நினைவில் ஊறியவர்களுக்குத்தான் கறுப்பு-வெள்ளை இனிக்கும் என்பது இன்னொரு வாதம். அப்படியென்றால் டைகரையும் பழைய கறுப்பு-வெள்ளையிலேயே கேட்டிருப்பேனே! பிள்ளைகளைப் பற்றிய வாதத்தை மட்டும் என்னால் தள்ள முடியவில்லை. கார்ட்டூன் பார்த்து வளரும் குழந்தை கறுப்பு-வெள்ளைப் பக்கத்தைத் தொடுவது அரிது. அவர்களுக்கு லக்கி லூக்கைக் கொடுங்கள். ஒரு கூட்டம் முழுவதையும் ஒரே சிவப்பிலோ மஞ்சளிலோ நனைத்துவிடுவார் அதன் ஓவியர் மோரிஸ். வண்ணத்தையே நகைச்சுவையாக்கத் தெரிந்த மனிதர். மாயாவியும் டெக்ஸும் பிறகு வரட்டும்.

கறுப்பு-வெள்ளையின் உண்மையான எதிரி தாள். மட்டமான தாளில் மை பரவி, சிவிடெல்லியின் புள்ளிகள் ஒரே திட்டாகிவிடும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் கறுப்பு-வெள்ளையே மட்டம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஆகவே சந்தாதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை டெக்ஸைக் கலரில் கேட்டுக் கடிதம் எழுதுவதற்குப் பதில், அந்தக் கூடுதல் காசுக்கு நல்ல தாள் கேளுங்கள்.