இணையக் குற்றச்சாட்டும் வழக்கறிஞர் துணையும்

சிலப்பதிகாரம் பயிலும் மாணாக்கர் எவரும் மதுரைக் காண்டத்தில் ஓரிடத்தே நெஞ்சு குமைந்து நிற்பர். பொற்கொல்லன் கோவலன்மீது களவுப் பழி சுமத்தினான். அரசன் ஆராயாது ஆணையிட்டான். காவலன் ஒருவன் வாளோச்சினான். கோவலன்பொருட்டு அரசவையில் ஒரு சொல் சொல்லுவார் அப்பொழுது இலர். கண்ணகி அவைபுக்கு வழக்குரைத்துச் சிலம்பினை உடைத்த பின்னரே, அரசியின் சிலம்பிலுள்ள பரல் முத்து, இச்சிலம்பிலுள்ள பரல் மாணிக்கம் என்னும் உண்மை வெளிப்பட்டது. சான்று முதலிலிருந்தே சிலம்பினுள் இருந்தது. அதனை எடுத்துக் காட்டும் துணையே உரிய காலத்தில் வந்திலது.

இணையக் குற்றம் சாட்டப்பட்டார் ஒருவர் வழக்கறிஞரைத் தேடுங்கால் அறிய வேண்டுவன யாவை என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். பொருள் புதிதாயினும், அதன் உயிர்நிலை கோவலன் கதையில் உள்ளதே என்பது மேலே விளங்கும்.

குற்றச்சாட்டு நேரும் வகை

இணையக் குற்றமென்பது கணிப்பொறியில் வல்ல கள்வர்க்கே உரியது, நமக்கு அதனோடு யாது தொடர்பு என்று நினைத்தல் பிழையாகும். மாணாக்கன் ஒருவன் சிறுதொகையை விரும்பித் தன் வங்கிக் கணக்கைப் பிறன் ஒருவன் ஆளும்படி விடுகின்றான் என்று வைத்துக்கொள்வோம். எங்கோ ஒரு முதியவரை வஞ்சித்துப் பறித்த பணம் அக்கணக்கின் வழியே புகுந்து மறைகின்றது. பணம் கொண்டு சென்றவன் முகமறியாதவன். கணக்கிலுள்ள பெயரோ மாணாக்கனுடையது. ஆதலின் காவல்துறையின் அறிவிப்பு அவன் வீட்டு வாயிலையே முதலில் அடைகின்றது.

இத்தகைய செயல் இரு சட்டங்களின்கீழ் வழக்காகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, அதன் 66டி பிரிவில், கணினி வாயிலாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறையும் ஓரிலக்கம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. இது பிணையில் விடத்தக்கது. அதே செயலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதா, 2023, அதன் 318(4) பிரிவும் சேர்க்கப்படுமாயின், சிறை ஏழாண்டு வரை நீளும். பிணையும் உரிமையாகக் கிடைப்பதன்று. எனவே, எப்பிரிவு பொருந்தும், எது பொருந்தாது என்று தொடக்கத்திலேயே வாதிடவல்ல ஒருவர் இன்றியமையாதவர் ஆகின்றார்.

காலம் அறிதல்

வழக்கறிஞரை நாட வேண்டிய காலம் எது? நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பார் பலர். அது தவறு. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் காரணமின்றிக் கைது செய்யலாகாது என்று உச்சநீதிமன்றம் 2014-ஆம் ஆண்டு அர்னேஷ்குமார் வழக்கில் வரையறுத்தது. கைது வேண்டாதவிடத்து, நேரில் வந்து விடையளிக்குமாறு அறிவிப்பு அனுப்புவதே முறை. அவ்வறிவிப்புக் கைக்கு வந்த அன்றே வழக்கறிஞரைக் காணல் வேண்டும். அதனைப் புறக்கணிப்பின் அதுவே கைதுக்குக் காரணமாகலாம். அஞ்சிக் கைப்பேசியிலுள்ள செய்திகளை அழிப்பின், சாட்சியத்தை மறைத்த குற்றமும் சேரலாம். முன்பிணை வேண்டுமோ, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கை மீட்பது எங்ஙனம் என்பனவும் அப்பொழுதே தெளிவுறும்.

கைது நேரினும் உரிமை அழிவதில்லை. தாம் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்து அவரால் வாதிடப்பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு அளிக்கின்றது; பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்தப்பெறும் உரிமையும் அதிலேயே உள்ளது. தனக்கு எதிராகத் தானே சான்று பகரும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்பது 20-ஆம் உறுப்பு.

தகுதி அறிதல்

இனி, எத்தகையாரைத் தேர்தல் வேண்டும்? வள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல் என ஓரதிகாரம் வகுத்தது, ஒருவரை ஆராயாது நம்புதலும், ஆராய்ந்து தெளிந்தபின் ஐயுறுதலும் இரண்டும் தீங்கென உணர்த்தற்பொருட்டாம். அந்நெறி ஈண்டும் பொருந்தும்.

இந்தியாவில் வழக்கறிஞர் தம் தொழிலை விளம்பரம் செய்தல் ஆகாது என்பது இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதி. இணையதளங்கள் வாயிலாக வழக்குத் தேடுதலைக் கண்டித்து, அதன்மீது நடவடிக்கை எடுக்குமாறு சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் அம்மன்றத்துக்கு ஆணையிட்டது. ஆகவே, பெரிய விளம்பரம் பெரிய தகுதிக்கு அடையாளமன்று, ஐயத்துக்கே அடையாளம். வென்றால் மட்டும் கட்டணம் தருக என்று பேசுதலும் விதிக்கு மாறானது. விடுதலை உறுதி என்பாரையும் நம்பற்க. தீர்ப்பு நீதிபதியின் கையில் உள்ளதன்றோ? மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பெயர் பதிவாகியுள்ளதா என்று உசாவுக. குற்றவியல் நீதிமன்றத்தில் நாடோறும் நிற்பவரா என்று, நேர்மையுடைய மூத்தோர்வழிக் கேட்டறிக. கட்டணத்தை எழுத்தில் பெறுக.

இவற்றினும் மேலாகக் கேட்க வேண்டுவது ஒன்றுண்டு. அவர் சிலம்பினை உடைத்துப் பார்க்க வல்லவரா? இணைய வழக்கில் சான்றெல்லாம் மின்னணுப் பதிவே. அதனை நீதிமன்றத்தில் ஏற்பதற்குச் சான்றிதழ் ஒன்று வேண்டுமென்று 2020-ஆம் ஆண்டு அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. இன்று அதனை வகுப்பது பாரதிய சாட்சிய அதினியம், 2023, அதன் 63-ஆம் பிரிவு. அச்சான்றிதழில் ‘ஹாஷ்’ என்னும் எண் குறிக்கப்பெறும். பதிவில் ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறிவிடும். ஆதலின் கைப்பற்றிய பொருள் பின்னர்த் திருத்தப்பட்டதா என்பதை அது காட்டிக்கொடுக்கும். அவ்வாறே, இணைய முகவரி எண் ஓர் இணைப்பைக் காட்டுமேயன்றி, அதனைப் பயன்படுத்திய கையைக் காட்டாது. விடுதியொன்றில் நூறு மாணாக்கர் ஒரே இணைப்பைப் பயன்படுத்துவராயின், குற்றம் செய்தவன் அவருள் யாவன் என்பதற்கு வேறு சான்று வேண்டும். இவற்றைக் கேள்வியாக எழுப்ப அறியாதவர், பிற வழக்குகளில் எத்துணைப் புகழுடையரேனும், இவ்வழக்குக்குப் போதார். 2004-இல் சென்னை எழும்பூர் நீதிமன்றத்தில், இணையத்தில் ஒரு பெண்ணை இழிவுபடுத்திய வழக்கிலும் வாதம் மின்னணுச் சான்றைப் பற்றியே பெரிதும் நிகழ்ந்தது. இணைய நிலையத்தாரின் சாட்சியமும் சேர, அக்குற்றம் மெய்ப்பட்டுத் தண்டனை விதிக்கப்பெற்றது.

பொருளிலார் நிலை

பொருளில்லார் என் செய்வர்? 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, மகளிர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளோர், குறைந்த வருவாயினர் முதலியோர்க்கு வழக்கறிஞர் இலவசமாக அமர்த்தப்பெறுவர். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள ஆணைய அலுவலகத்தை நாடலாம். 15100 என்னும் எண்ணிலும் தொடர்பு கொள்ளலாம். இஃது இரவலன்று, உரிமை.

ஓர் ஐயம்

முதியவரின் வாழ்நாட் சேமிப்பைப் பறித்த குற்றத்தில் சிக்கினானுக்கு வழக்கறிஞர் எதற்கு என்று சிலர் வினவுவர். பணம் இழந்தவர் கண்ணீரை யாம் மறந்தோமல்லோம். ஆயினும், கணக்குக் கொடுத்த பேதை ஒருவன். வலை விரித்த வஞ்சகன் மற்றொருவன். இருவரையும் பிரித்தறியாது பேதையைத் தண்டித்து அமைந்துவிடின், வஞ்சகன் வேறொரு கணக்கைத் தேடிச் செல்வான். முதியவர்க்கும் நீதி கிட்டாது. குறிப்பிட்ட சிலர்க்காக வாதிடோம் என வழக்கறிஞர் சங்கங்கள் தீர்மானித்தல் சட்டத்துக்கு மாறானதென்று, கோயம்புத்தூரில் எழுந்த ஒரு வழக்கில் 2010-இல் உச்சநீதிமன்றம் கூறியதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வழக்கறிஞரிடம் கூறுவது மறைவாகக் காக்கப்பெறும். ஆதலின் தான் செய்ததனைச் செய்தவாறே அவர்க்கு உரைத்தல் மாணாக்கன் கடன். கணக்கைக் கொடுத்தது உண்மையாயின் அதனையும் ஒளிக்கலாகாது. பொய்யின்மேல் எழுப்பிய வாதம் குறுக்கு விசாரணையில் சரியும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், உரிய காலத்தில் தேடுதல், ஆராய்ந்து தேர்தல், உண்மையை ஒளியாமை என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும் என்பது பெறப்படும். நண்பர் எவரேனும் வெளிறிய முகத்தோடு அறிவிப்புத்தாள் ஒன்றை நம்மிடம் காட்டுவாராயின், அவரை இகழாமலும், தேற்றுவதாக எண்ணி இஃதொன்றுமில்லை என்று சொல்லாமலும், அன்று மாலைக்குள் தக்கதோர் வழக்கறிஞரிடம் உடன் அழைத்துச் செல்வோமாக. கண்ணகி அவைக்குச் சென்றது கோவலன் மடிந்த பின்னர். நாம் அதற்கு முன்னரே செல்ல இயலும்.