நம்ம ஊர் மாதிரியே இருக்குதே, அத்தை!

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் போனில் கேட்டாய். "அத்தை, இங்க எல்லாமே நம்ம ஊர் மாதிரித்தானே இருக்குது, அப்புறம் எனக்கு ஏன் இப்படி அழுகை வருது?" அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. "பழகிடும் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று அன்று ராத்திரியே தோன்றியது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை கிடைத்த புருஷனோடு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து இறங்குகிற உன் வயசுப் பெண்கள் பலபேர் இதையே வேறு வேறு வார்த்தைகளில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். உன் பேரைப் போடவில்லை, பயப்படாதே.

நம்ம ஊர் மாதிரி இருப்பதால்தான் உனக்கு அழுகை வருகிறது. ஜெர்மனிக்குப் போயிருந்தால் முதல் நாளே இது அந்நிய ஊர் என்று மனசுக்குத் தெரிந்திருக்கும். பாஷை வகுப்பில் சேர்ந்திருப்பாய், கம்பளிக் கோட்டு வாங்கியிருப்பாய், அழுதாலும் எதற்கு அழுகிறோம் என்று தெரிந்து அழுதிருப்பாய். இங்கே லெபோ பாசாரில் கால் வைத்தால் மல்லிகைச் சரம் தொங்குகிறது, பாட்டுக் கடையில் நம் சினிமாப் பாட்டு, வாழை இலையில் சாப்பாடு. மனசு "வந்து சேர்ந்துட்டோம்" என்று சொல்லிவிடுகிறது. சாயங்காலம் பதினாலாம் மாடிக்குத் திரும்பிக் கதவைச் சாத்தியதும் வந்து சேரவில்லை என்று தெரிகிறது. திருவிழாக் கூட்டத்தில் அம்மா என்று நினைத்து வேறொருத்தி சேலையைப் பிடித்த குழந்தை, அவள் திரும்பியதும் வீறிடுமே, அந்த அழுகை அம்மிணி இது.

முதல் தப்பை இங்கேதான் செய்கிறாய். இது நம்ம ஊர் இல்லை. இது இங்கே பிறந்த தமிழர்களின் ஊர். சீனர்களும் மலாய்க்காரர்களும் அவர்களுமாகச் சேர்ந்து உண்டாக்கிய ஊர். பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் 1786இல் கொடி ஏற்றினான். கொஞ்ச காலத்திலேயே நாகூர், காரைக்கால் பக்கத்து மரைக்காயர்கள் கடை போட்டுவிட்டார்கள். சூலியா தெரு என்று பேர் வந்தது அவர்களால்தான். 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1833இல் குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயில். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி, பதினைந்து வயசுப் பையன், 1802இல் நாடு கடத்தப்பட்டு வந்தது இந்தத் தீவுக்குத்தான். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறி, தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் கும்பலுமாக ஒரு வாரம் வந்தவர்களின் பேரன் பேத்திகள் உன் அடுக்குமாடியில் லிஃப்டில் உன் பக்கத்தில் நிற்கிறார்கள். சென்னையிலிருந்து நேரடி விமானத்தில் ஒரு படமும் ஒரு தூக்கமுமாக வந்து இறங்கிய நீ, அவர்களைப் பார்த்து "அவங்க தமிழ் ஒரு மாதிரி இருக்குதுங்க அத்தை" என்றாய்.

"நான் ஒண்ணும் கேவலமாச் சொல்லலையே" என்பாய். சொல்லவில்லைதான். சிரித்தாய், அதுவே போதும். பக்கத்து வீட்டு அக்கா "பசியாறியாச்சா?" என்று கேட்டதற்கு "இல்லீங்க்கா, பசியே இல்லை" என்று பதில் சொல்லிவிட்டு என்னிடம் அதை வேடிக்கையாகச் சொன்னாயே, அவர் உன் பசியை விசாரிக்கவில்லை. சாப்பிட்டாயா என்று நலம் கேட்டார். நாகூர், காரைக்கால் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்கு இன்றைக்கும் பசியாறுவது என்றுதான் பேர். 'டிபன்' என்று நாம் சொல்கிற இடத்தில் அவர்கள் வைத்திருக்கும் சொல்லைப் பார். ரிங்கிட்டை அவர்கள் 'வெள்ளி' என்கிறார்கள், நாணயமெல்லாம் வெள்ளியில் இருந்த காலத்துப் பேச்சு அது. நம்மிடம் தொலைந்துபோன சாமான் அவர்கள் வீட்டுப் பரணில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று சொன்னால் கோபித்துக்கொள்வாய், இருந்தாலும் சொல்கிறேன். கோயம்புத்தூரில் உன் மகளை எந்தப் பள்ளியில் போட்டிருந்தாய்? இந்தி படித்தாள், பிரெஞ்சு படிக்கப்போகிறாள் என்று பெருமையாகச் சொன்னாய். பத்து வயசுப் பிள்ளைக்கு லிட்டில் இந்தியாவில் தமிழில் எழுதிய பலகையைப் படிக்கத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் மகன் படித்துக் காட்டினான். இந்த நாட்டில் தமிழ் வகுப்பு தொடங்கியது 1816இல், இதே பினாங்கில், ஃப்ரீ ஸ்கூலில். 2016இல் தமிழ்க் கல்விக்கு இருநூறு வயசு என்று நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். பினாங்கு மாநிலத்தில் மட்டும் 28 தமிழ்ப் பள்ளிகள். ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தவர்கள், அரைவயிற்றுக் கூலியில் காசு போட்டுக் காப்பாற்றிய பள்ளிகள் அவற்றில் உண்டு. மகளைச் சாயங்காலம் அந்த அக்கா வீட்டுக்கு அனுப்பு. அந்தப் பையனிடம் அ, ஆ படிக்கட்டும். திரும்பி வரும்போது "வா லா, போ லா" என்று பேசிக்கொண்டு வந்தால் திருத்தாதே. ஒரு சினேகிதம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

வீட்டுக் கஷ்டத்துக்கு வருகிறேன். கிரைண்டர் பாதி அரைக்கும்போது நின்றுபோகிறது என்றாய். நம் ஊர் பிளக்கில் கம்பிகள் உருண்டை, இங்கே மூன்றும் தட்டை. நீ விமான நிலையத்தில் வாங்கிய கன்வெர்ட்டரைச் செருகி, அது தளர்ந்து விழாமல் இருக்க அடியில் புத்தகம் முட்டுக்கொடுத்து அரைக்கிறாய். நான் பார்த்தேன். அம்மிணி, மின்சாரம் ரெண்டு ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஹார்ட்வேர் கடையில் 13 ஆம்ப் பிளக் ஒன்று வாங்கி, பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு அதை மாட்டச் சொல். வெட்ட உனக்கு மனசு வரவில்லை, அதுதான் விஷயம். "திரும்பிப் போகும்போது வேணுமே" என்று நினைக்கிறாய். இங்கே இருக்கப்போகிற மூன்று வருஷமும் முட்டுக்கொடுத்தா அரைப்பாய்?

மாவும் அப்படித்தான். கோவையில் ராத்திரி கரைத்து வைத்தால் விடிகிறபோது பதமாக இருக்கும். இங்கே வருஷம் முழுக்க ஒரே புழுக்கம், ராத்திரியும் தணியாது. ஐந்தாறு மணி நேரத்தில் பொங்கி, விடிகிறபோது புளித்து நாறும். உளுந்தையோ கடைக்காரரையோ திட்டாதே. மத்தியானம் அரைத்து, படுக்கப்போகுமுன் கிண்ணத்தை ஃபிரிஜ்ஜில் வை. வெந்தயத்தைப் பாதியாகக் குறை. எனக்கு இது பிடிபட நாலு மாசம் ஆனது, உனக்கு இன்றைக்கே ஆகட்டும்.

"மலாய் படிச்சு என்ன பண்ணப் போறேன், மூணு வருஷத்துல கிளம்பிடுவோம்" என்கிறாயே, அது அடுத்த தப்பு. தமிழும் இங்கிலீஷும் வைத்துக்கொண்டு பினாங்கில் காலம் தள்ளிவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் நீ லிட்டில் இந்தியா நாலு தெருவுக்குள்ளேயே சுற்றுகிறாய். டீக்கடையில் ஒவ்வொரு தடவையும் சர்க்கரைப் பாகு மாதிரி டீ வருகிறது என்று புலம்புகிறாய். 'தே' என்று கேட்டால் இனிப்புப் பால் ஊற்றித்தான் தருவார்கள். 'தே ஓ' என்றால் பால் இல்லாத டீ. 'குராங் மானிஸ்' என்று ஒரு வார்த்தை கூடச் சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள். 'கொசோங்' என்றால் சர்க்கரையே போடமாட்டார்கள். நாலு வார்த்தையில் உன் டீ உன் இஷ்டத்துக்கு வந்துவிடும். மலாயில் பாதி நம் வீட்டுச் சாமான்தான் போல என்று தோன்றும் உனக்கு. கடைக்கு கெடாய், கப்பலுக்கு காப்பால், பெட்டிக்கு பெத்தி, கட்டிலுக்கு காத்தில். உன் அடுக்குமாடியில் 'கோலாம் ரெனாங்' என்ற பலகையைப் பார்த்து, "இங்க யாரும்மா கோலம் போடறாங்க?" என்று மகள் கேட்டாளே, அது நீச்சல் குளம். நம் குளம்தான் அங்கே கோலாம் ஆகிவிட்டது. இப்படி ஒரு நாளைக்கு ஒரு வார்த்தையைப் பிள்ளையோடு சேர்ந்து பொறுக்கு.

வீட்டு விஷயத்தில் உனக்கு வலித்தது, அதைச் சாதாரணமாகத் தள்ளமாட்டேன். வாடகைக்கு வீடு பார்த்தபோது ஒரு தரகர், "வீட்டுக்காரர் இந்தியர்களுக்குத் தரமாட்டார்" என்று முகத்துக்கு நேரே சொன்னார் என்றாய். எனக்கும் வந்த புதிதில் ஒருவர் சொன்னார். மசாலா வாசனை என்று காரணம் சொல்வார்கள். தப்பு தப்புதான். ஆனால் ஒன்றை யோசி. நீ ஒரு நாள் கேட்டதை, நாலு தலைமுறையாக இந்த மண்ணில் பிறந்து, இந்த நாட்டு அடையாள அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறவர்களும் கேட்கிறார்கள். அன்று ராத்திரி உன் வீட்டுக்காரர் "இந்த ஊரே இப்படித்தான்" என்றாராம். தைப்பூசத்துக்கு முந்தின நாள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தார் வெள்ளி ரதம் கிளம்பும்போது அவரை என்னோடு வரச்சொல். தண்ணீர்மலைக் கோயில் வரைக்கும் வழியெல்லாம் தேங்காய் மலை மலையாகக் குவிந்திருக்கும். முருகனுக்கு நேர்ந்துகொண்டு அதை உடைக்கிறவர்களில் சீனக் குடும்பங்கள் எத்தனை என்று அவரே பார்க்கட்டும். அந்தத் தரகரும் இந்த ஊர்தான், அவர்களும் இந்த ஊர்தான்.

உன் வேலை. அதைப் பற்றி நீ பேசவே இல்லை, துணி மடிக்கிற விதத்தில் எனக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் கணக்கு எழுதிச் சம்பாதித்தவள், டிபெண்டென்ட் பாஸில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது. ஒரு நிறுவனம் உனக்கென்று தனியாக வேலை பாஸ் எடுத்தால்தான் முடியும். "வீட்டிலிருந்து இட்லி மாவு வித்தா யாருக்குத் தெரியும்" என்று யாரோ யோசனை சொன்னார்களாம். செய்யாதே. பாஸ் போனால் நீ கிளம்ப வேண்டும். நேராகப் போய் வேலை தேடு, ஆறு மாசமோ ஒரு வருஷமோ ஆகும். அதுவரைக்கும் உன் கோபத்தை வீட்டுக்காரரிடம் வார்த்தையில் சொல். "நான் வேலையை விட்டேன், அது எனக்கு வலிக்குது" என்று சொன்னால் அவருக்குப் புரியும். குழம்பில் உப்புக் கூட்டினால் புரியாது. அவரும் புது ஆபீஸில் பயந்துபோய்த்தான் இருக்கிறார்.

அப்புறம் அந்த போன். கோவை நேரம் இங்கேயிருந்து ரெண்டரை மணி நேரம் பின்னால். உன் அம்மா சீரியல் பார்த்து முடித்து ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் உனக்கு நடு ராத்திரி பன்னிரண்டு. ஒரு மணி வரைக்கும் பேசிவிட்டு, காலை இருட்டில் பிள்ளையைக் கிளப்புகிறாய். (இந்த நாட்டுக் கடிகாரம் 1982இலிருந்து சூரியனுக்கு ரொம்ப முன்னால் ஓடுகிறது, இங்கே ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் உதிக்கும்.) "அம்மா தனியா இருக்காங்க அத்தை" என்பாய். அவள் என் அண்ணன் பெண்டாட்டி, எனக்குத் தெரியாதா? பக்கத்தில் ஆள் இருக்கிறது, கோயில் இருக்கிறது, அவள் சமாளிப்பாள். நீ கூப்பிடு, உன் நேரத்துக்கு. இங்கே சாயங்காலம் ஆறு, அங்கே மூன்றரை, அவள் காப்பி போடுகிற நேரம். அரை மணி பேசிவிட்டுப் படியிறங்கிக் கீழே போ.

எங்கே போவது என்று கேட்காதே. நீ வாரம் ரெண்டு தரம் போகிற அந்த டீக்கடையில் ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் நிற்கிறான். மூன்று வருஷமாக ஊருக்குப் போகவில்லை. அவன் வைத்திருப்பது தொழிலாளர் பெர்மிட், அதில் பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர முடியாது. பிள்ளையை வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறான். உன் அழுகையை அடக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை, அழுகையை அளந்து யாருக்கும் பங்கு போட முடியாது. அடுத்த முறை டீ வாங்கும்போது போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அவன் பேரைக் கேள். பிள்ளை பேரையும் கேள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு சௌராஸ்தா சந்தைக்கு மீன் வாங்கப் போகிறேன். நீயும் மகளும் வாருங்கள். காரில் வேண்டாம், பஸ்ஸில் வா, வழி தெரியட்டும். கிரைண்டரின் பிளக்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வா. சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் சீனக் கிழவர் அதைப் பார்த்ததும் சரியானதை எடுத்துத் தருவார். 'எத்தனை வெள்ளி' என்று மலாயில் நீதான் கேட்க வேண்டும். நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அன்புடன்,
உன் அத்தை