எச்லின்ட்டை அமைத்துக்கொள்ளும் முறை

ஹாஸ்கெல் மொழியில் எழுதிய நிரலைக் கம்பைலர் ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற காரணத்தினாலேயே அது செவ்வையான நிரல் ஆகிவிடாது. டைப்புகளின் பொருத்தத்தை வெகு கண்டிப்பாகச் சோதிக்கும் அக்கம்பைலர், நூலகத்தில் ஒரே பெயரில் கிடைக்கும் காரியத்தை நாம் மூன்று வரிகளில் சுற்றி வளைத்துச் செய்திருப்பதைப் பொருட்படுத்துவதில்லை. இக்குறையை நீக்குவதற்கென நீல் மிட்சல் என்பவர் இயற்றிய எச்லின்ட் கருவியை நிறுவுவதும், அது சொல்லும் யோசனைகளை விவேகத்தோடு ஏற்பதும் விலக்குவதும் எவ்வாறு என்பதை இங்கே படிப்படியாகக் காண்போம்.

1. நிறுவுதல்

ஜி.எச்.சி. கம்பைலரும் கேபலும் ஏற்கெனவே கணினியில் இருக்குமாயின், டெர்மினலில் முதலில் ‘கேபல் அப்டேட்’ என்று கட்டளையிட்டுப் பாக்கேஜ் பட்டியலைப் புதுப்பித்துக்கொண்டு, பின்னர் ‘கேபல் இன்ஸ்டால் எச்லின்ட்’ என்று கொடுக்க வேண்டும். ஸ்டாக்கை உபயோகிப்பவர்களுக்கு ‘ஸ்டாக் இன்ஸ்டால் எச்லின்ட்’ என்பதே போதும். 2020-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு முதல் இக்கருவி ஜி.எச்.சி.யின் பார்சரையே ஆதாரமாகக் கொண்டிருப்பதால், அந்தப் பார்சர் அடங்கிய பெரிய நூலகமும் உடன் கம்பைல் ஆகி முடியும்வரை பொறுமை அவசியம். நிறுவிய பிறகும் அப்படியொரு கட்டளையே இல்லை என்று டெர்மினல் சொல்லுமாயின், கேபல் அல்லது ஸ்டாக் தன் நிரல்களை வைக்கும் ‘பின்’ ஃபோல்டரைப் ‘பாத்’ அமைப்பில் சேர்த்துவிட்டு, டெர்மினலை மீண்டும் திறக்க வேண்டும்.

2. முதல் ஓட்டம்

புராஜெக்ட் ஃபோல்டருக்குள் சென்று, எச்லின்ட் என்ற பெயருக்குப் பின் மூல நிரல்கள் உள்ள ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், அதிலுள்ள ஹாஸ்கெல் ஃபைல்கள் யாவற்றையும் அது வாசித்து, ஒவ்வொரு யோசனையையும் ஃபைல் பெயர், வரி எண் ஆகியவற்றோடு தெரிவிக்கும். உதாரணமாக, ஒரு லிஸ்ட் காலியா என்று அறிவதற்காக அதன் ‘லெங்த்’தைக் கணக்கிட்டுப் பூஜ்யத்தோடு ஒப்பிட்டிருந்தோமானால், ‘ஃபவுண்ட்’ என்பதன் கீழ் நம் வரியையும், ‘பெர்ஹாப்ஸ்’ என்பதன் கீழ் ‘நல்’ என்னும் ஃபங்ஷனைக் கொண்ட மாற்றுவரியையும் காட்டி, இம்மாற்றத்தால் சோம்பல் மதிப்பீடு அதிகரிக்கும் என்று ஒரு குறிப்பையும் சேர்த்துத் தரும். இந்தக் குறிப்பின் தாத்பரியம் ஆழமானது: முடிவற்ற லிஸ்ட்டின் நீளத்தைக் கணக்கிடப் புகுந்த நிரல் ஒருபோதும் விடை தராது, ‘நல்’ என்பதோ முதல் உறுப்பு உண்டா இல்லையா என்பதை மட்டும் பார்த்துவிட்டு உடனே பதிலளித்துவிடும்.

3. யோசனையைச் சீர்தூக்குதல்

எச்லின்ட் நிரலின் வடிவத்தை மட்டுமே வாசிக்கிறது, டைப்புகளைச் சோதிப்பதில்லை. ஆதலால் அதன் வார்த்தை அபிப்பிராயமே அன்றித் தீர்ப்பு அன்று. ஒரு ஃபங்ஷன் தான் பெற்ற ஆர்க்யுமென்ட்டை அப்படியே ‘ஷோ’ என்னும் ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிடுமாயின், இருபுறமும் அதை நீக்கிவிடலாம் என்று ‘ஈட்டா ரெட்யூஸ்’ யோசனை கூறும். ஆனால் அந்த ஃபங்ஷனுக்கு டைப் சிக்னேச்சர் எழுதப்படாதிருந்தால், மோனோமார்ஃபிசம் ரெஸ்ட்ரிக்ஷன் என்னும் விதி குறுக்கிட்டு, அதுவரை ஓடிய நிரலைக் கம்பைலர் நிராகரித்துவிடக்கூடும். சிக்னேச்சரை எழுதிவிட்டு யோசனையை ஏற்பதே இங்கு உசிதமான வழி. எந்த மாற்றத்தைச் செய்தாலும், அடுத்த யோசனைக்குப் போகுமுன் கம்பைல் செய்து, டெஸ்டுகளையும் ஒருமுறை ஓட்டிவிடுவது க்ஷேமம்.

4. முடிவுகளைப் பதிவு செய்தல்

விலக்கிய யோசனை மறுநாளும் தலைகாட்டாதிருக்க, புராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில், புள்ளியில் தொடங்கும் எச்லின்ட் யாமல் ஃபைல் ஒன்றை அமைத்து, ‘இக்னோர்’ என்ற சொல்லுடன் அந்த யோசனையின் பெயரை எழுத வேண்டும். பல ஆண்டுகளாக வளர்ந்த புராஜெக்ட்டில் முதல் ஓட்டத்திலேயே யோசனைகள் பெருவாரியாக வந்து குவியுமாயின், இரட்டைச் சிறுகோட்டுடன் ‘டிஃபால்ட்’ என்னும் ஆப்ஷனைச் சேர்த்து ஓட்டினால், அன்றைய நிலையில் உள்ள யோசனைகள் யாவற்றையும் ஒதுக்கிவைக்கும் அமைப்பை அக்கருவியே எழுதித் தரும். அதை அந்த ஃபைலில் சேமித்துக்கொண்டு, அவகாசம் கிடைக்கும்போதெல்லாம் ஒவ்வொரு வரியாக நீக்கி நிரலைத் திருத்தி வரலாம். ‘அன்சேஃப்பெர்ஃபார்ம்ஐஓ’ போன்ற அபாயகரமான ஃபங்ஷனை எந்த மாட்யூலிலும் பிரயோகிக்கலாகாது என்று விதிப்பதற்கும் இதே ஃபைலில் இடமுண்டு.

5. நித்திய வழக்கமாக்குதல்

யோசனை ஏதேனும் எஞ்சியிருந்தால் எச்லின்ட் பூஜ்யமல்லாத எக்ஸிட் கோடுடன் முடியும். ஆகவே கிட்டில் கமிட் செய்யுமுன் ஓடும் ஹூக்கிலோ, சர்வரில் டெஸ்டுகள் ஓடும் இடத்திலோ இக்கட்டளையைச் சேர்த்துவிட்டால், கவனிக்கப்படாத வரி எதுவும் உள்ளே நுழையாது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒதுக்கிய ஒவ்வொரு யோசனைக்கும் பக்கத்தில், ஏன் ஒதுக்கினோம் என்பதை ஒரு கமென்ட்டாக எழுதிவையுங்கள். காரணம் எழுதப்பட்ட விலக்கு, பின்னால் வந்து சேரும் சகாக்களுக்குப் பாடமாகும். காரணம் சொல்ல இயலாத விலக்கையோ அன்றே நீக்கிவிட்டு நிரலைத் திருத்துவதுதான் முறை.