அம்மா உட்கார்ந்திருக்கிறார், ஓய்வெடுக்கிறாரா?

மாணவர்களே, இவ்வாரச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் வீட்டுச் சமையலறையே போதும். தேவையான பொருள்கள்: ஒரு கடிகாரம், ஒரு தாள், ஒரு பென்சில்.

மாலை 6 மணிக்குத் தொடங்குங்கள். அம்மா உட்காரும் நேரத்தை எழுதுங்கள். அவர் மறுபடி எழும் நேரத்தையும் எழுதுங்கள். இடையில் எத்தனை நிமிடம்? என் வீட்டில் நானும் இதைச் செய்து பார்த்தேன். இரவு 10 மணிவரை என் மனைவி 11 தடவை உட்கார்ந்தார். அவற்றில் ஆக நீளமானது 9 நிமிடம். அந்த 9 நிமிடமும் அவர் மடியில் உரிக்க வேண்டிய வெங்காயம் இருந்தது. இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்: 11 தடவையில் 3 தடவை அவரை எழுந்திருக்க வைத்தது நான்தான்.

"எப்படியோ உட்கார்ந்தாங்கதானே, அது ஓய்வுதானே?" என்று கேட்பீர்கள். மூளை அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

களைப்பு எங்கே சேர்கிறது?

உயிரியல் பாடத்தில் ஏடிபி மூலக்கூறைப் பற்றிப் படித்திருப்பீர்கள். உயிரணுக்கள் அன்றாடம் செலவழிக்கும் சில்லறைக் காசு அது. அதன் முழுப் பெயரில் 'அடினோசின்' என்ற சொல் வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? நாம் விழித்திருந்து மூளை உழைக்க உழைக்க, நரம்பணுக்களைச் சுற்றி இந்த அடினோசின் கூடிக்கொண்டே போகிறது. நரம்பணுக்களில் அதற்கென்று உள்ள ஏற்பிகளில் அது போய் அமர்ந்ததும், விழிப்பை நடத்தும் பகுதிகள் மெல்ல அடங்குகின்றன. கண் சொக்குகிறது. இதற்குத் தூக்க அழுத்தம் என்று பெயர். விழித்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் அது ஏறும். தூங்கினால்தான் இறங்கும்.

சோபாவில் சாய்ந்து நாடகம் பார்த்தால் கால்வலி குறையும். அது தசைக்குக் கிடைத்த ஓய்வு. தூக்க அழுத்தம் அதனால் இறங்கிவிடாது.

மாலையில் குடிக்கும் கோப்பியாலும் இறங்காது. காஃபீன் மூலக்கூறு அடினோசினின் ஏற்பிகளில் முந்திக்கொண்டு போய் அமர்ந்துவிடுகிறது. நம் வீட்டு வாசலில் வேறொருவர் காரை நிறுத்திவிட்டுப் போனால் நம் கார் தெருவில் காத்திருக்குமே, அதுபோல அடினோசின் வெளியே காத்திருக்கிறது. காஃபீன் விலகியதும் மொத்தமாக உள்ளே வருகிறது. காஃபீனின் அளவு உடலில் பாதியாகக் குறையச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். மாலை 5 மணிக்கு அம்மா குடித்த கோப்பியில் பாதி, இரவு 10 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கலாம். உடல் களைத்துக் கிடக்கும், ஆனால் படுத்தால் தூக்கம் வராது. "ரொம்பக் களைப்பா இருக்கு, ஆனா தூக்கம் வரலை" என்று அம்மா சொன்னால், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

நம் கடிகாரத்தில் ஒரு கோளாறு

தூக்க அழுத்தத்தோடு இன்னொன்றும் சேர்ந்து நம்மை ஆட்டுவிக்கிறது. அதுதான் உயிர்க்கடிகாரம். இரண்டு கண் நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறக்குறைய 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு முடிச்சு ஒன்று இருக்கிறது. அது கண்வழி வரும் வெளிச்சத்தைக் கொண்டு பகல் எது, இரவு எது என்று உடலுக்குச் சொல்கிறது. உயிரணுக்களுக்குள் இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றனர்.

இங்கே நம் நாட்டுக்கே உரிய ஒரு கணக்கு வருகிறது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் தங்கள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா, சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டன. இந்த நேரம் 120 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. கோலாலம்பூர் இருப்பதோ ஏறக்குறைய 101.7 பாகையில். வித்தியாசம் 18.3 பாகை. பூமி 1 பாகை சுழல 4 நிமிடம் ஆகும். பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 73 நிமிடம். நம் சுவர்க் கடிகாரம் சூரியனைவிட அவ்வளவு நேரம் முந்தி ஓடுகிறது. அதனால்தான் கோலாலம்பூரில் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் உதிக்க 7 மணிக்கு மேல் ஆகிவிடுகிறது.

பள்ளி காலை 7.30-க்குத் தொடங்குகிறது. பசியாறலுக்கு ஏதாவது செய்து, சாப்பாடு கட்டி, தம்பியை எழுப்பி, உங்கள் காலுறையைத் தேடித் தர, அம்மா 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். சூரியக் கணக்கில் அது விடியற்காலை 3.47. உயிர்க்கடிகாரம் கேட்பது சூரியனைத்தான், சுவரில் மாட்டியதை அல்ல.

5 மணிக்கு எழுந்தவருக்கு இரவு 10 மணியோடு 17 மணி நேரம் ஆகிறது. இந்த 17-ஐ நினைவில் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் டாவ்சன், ரீட் எனும் இரு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் இருந்தவர்களின் கண்-கை ஒத்துழைப்பு, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருந்தால் எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைந்திருந்தது. மலேசியாவில் 2020 முதல், வாகனமோட்டிகளுக்குச் சட்டம் விதித்துள்ள வரம்பும் அதே அளவுதான்: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம்.

அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் 17 மணி நேரம் முடிந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது, உயிர்க்கடிகாரமும் தாழ்ந்திருந்தது. இரவு 10 மணிக்கு அம்மாவின் நிலை அவ்வளவு மோசமாக இருக்காது. ஆனால் அவர் போய்க்கொண்டிருக்கும் திசை அதுதான். அந்த நேரத்தில் உங்களைப் பிரத்தியேக வகுப்பிலிருந்து அழைத்துவரக் காரை எடுப்பவரும், மறுநாள் பொரியலுக்குக் கத்தியைப் பிடிப்பவரும் பெரும்பாலும் அவர்தானே?

படுத்தும் விழித்திருப்பவர்கள்

"அப்படியென்றால் அம்மா சீக்கிரம் படுக்கட்டுமே!" சரி, படுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தின் முக்கியமான பகுதியே இதுதான்.

சுவீடனில் டோர்ஸ்வால், ஓகெர்ஸ்டெட் எனும் இருவர் கப்பல் பொறியாளர்களின் தூக்கத்தை மூளை மின்னலைப் பதிவு மூலம் ஆராய்ந்து 1988இல் வெளியிட்டனர். சில இரவுகளில் பொறியாளர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். வேறு சில இரவுகளில், இயந்திர அறையில் எச்சரிக்கை மணி ஒலித்தால் எழுந்து ஓட வேண்டும். மணி ஒலித்த இரவுகளில் தூக்கம் கெட்டதில் வியப்பில்லை. மணி ஒலிப்பதற்கு முன்பே, வெறுமனே அது ஒலிக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பிலேயே, அவர்களின் தூக்கம் ஆழம் குறைந்து இருந்ததுதான் வியப்பு. உடல் படுக்கையில் கிடந்தது. மூளையின் ஒரு பகுதி பணியில் இருந்தது.

இனி, உங்கள் வீட்டில் அந்த மணியின் பெயர் என்ன என்று யோசியுங்கள். "அம்மா!"

1960இல் இங்கிலாந்தில் இயன் ஆஸ்வால்டும் குழுவினரும் தூங்குபவர்களின் காதில் பல பெயர்களை ஒலிக்கவிட்டுப் பார்த்தார்கள். மற்றப் பெயர்களைவிடத் தங்கள் சொந்தப் பெயருக்கே அவர்களின் மூளை கூடுதலாகப் பதில் கொடுத்தது. தூக்கத்திலும் காது கதவைச் சாத்துவதில்லை. யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அது வடிகட்டிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே "அம்மா, நீங்க போய்ப் படுங்க" என்று சொல்வது பாதி உதவிதான். மணி இன்னும் அவர் தலைமாட்டில் இருக்கிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தது, தம்பி குளித்தானா, வாசலில் யார் என்ற கேள்விகளுக்கு யார் பொறுப்பு என்று தெரியாதவரை மூளை பணியிலிருந்து இறங்காது. மருத்துவமனைத் தாதியர் வேலைநேரம் முடிந்தால் சும்மா கிளம்பிவிடுவதில்லை. அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்துவிட்டே போகிறார்கள். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

"அம்மா, 3 மணியிலிருந்து 3.20 வரை வீடு என் பொறுப்பு. உங்க கைப்பேசி என்கிட்ட இருக்கட்டும். சோறு வெந்ததும் நான் அடுப்பை அணைக்கிறேன். தம்பிக்குப் பசிச்சா ரொட்டி கொடுக்கிறேன். 3.20-க்கு எழுப்புறேன்." பிறகு அறைக் கதவைச் சாத்துங்கள். நீல நிற டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்க அந்தக் கதவைத் தட்டாதீர்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் 20 நிமிடம் அந்த டப்பா இல்லாமலே வாழலாம்.

ஏன் 20 நிமிடம்? தூங்கத் தொடங்கி அரை மணிக்கு மேல் போனால் மூளை ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கக்கூடும். அங்கிருந்து பாதியில் எழுப்பினால் தலை கனக்கும், எரிச்சல் வரும். அந்த மந்தம் விலகவே நேரம் பிடிக்கும். 10 முதல் 20 நிமிடம் தூங்கி எழுந்தால் பெரும்பாலும் தெளிவு வரும். பிற்பகலில் விழிப்பு இயல்பாகவே சற்றுத் தாழ்வதால் 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் தூக்கம் எளிதில் பிடிக்கும். அம்மா வேலைக்குப் போகிறவர் என்றால் வாரநாளில் இது நடக்காது. அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் 20 நிமிடத்தை அப்பாவும் நீங்களும் ஏற்றுக்கொள்ளலாம். அந்த நேரத்தில் தூங்கினால் இரவுத் தூக்கம் தள்ளிப்போகும். கதவைச் சாத்திக் கண்மூடிப் படுத்திருந்தாலே போதும்.

இரவுக்கு வருவோம். இரவு 10.30-க்கு, "அம்மா, நாளைக்கு அறிவியல் வகுப்புக்கு 2 முட்டை கொண்டு போகணும்" என்று சொன்ன அனுபவம் யாருக்கு இல்லை? அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையர்களை வைத்து நடத்தி, 2018இல் வெளியான ஓர் ஆய்வு உண்டு. படுக்கும் முன் 5 நிமிடம், சிலர் அடுத்த நாள்களில் செய்ய வேண்டியதை எழுதினர். மற்றவர்கள் செய்து முடித்ததை எழுதினர். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போயினர். தாளில் இறங்கியதை மூளை தூக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை போலும். இரவு 8.30-க்குக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். வெள்ளைச் சட்டை, முட்டை, புறப்பாடக் கட்டணம், எல்லாம் அதில் வரட்டும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்பவரின் பெயரையும் எழுதுங்கள். எல்லா வரியிலும் அம்மா பெயரே வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பதின்ம வயதில் உயிர்க்கடிகாரம் பின்னால் தள்ளிப்போகிறது. தூக்கத்துக்குத் தயாராக்கும் மெலடோனின், பெரியவர்களைவிட உங்களுக்குத் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. 9 மணிக்கு அம்மாவின் கண் சொக்கும்போது நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள். தட்டு கழுவவும் சீருடைக்கு இஸ்திரி போடவும் அந்த வீட்டிலேயே மிகப் பொருத்தமான ஆள் நீங்கள்தான் என்று அறிவியல் சொல்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் மகிழ்ச்சிதான். அரை மணியில் முடித்துவிட்டுப் படுங்கள். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

சோதனையை 7 நாள் தொடருங்கள். தாளில் மூன்று கட்டம் போதும்: அம்மா எழுந்த நேரம், படுத்த நேரம், யாரும் கூப்பிடாமல் அவர் ஓய்ந்திருந்த ஆக நீண்ட நிமிடம். முதல் 3 நாள் எதையும் மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். நான்காம் நாளிலிருந்து 20 நிமிடப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு குறியுங்கள். தாளைக் காட்டும் முன், மூன்றாவது கட்டத்தில் என்ன எண் இருக்கும் என்று அம்மாவையும் அப்பாவையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சொன்ன இரண்டு எண்களையும் நீங்கள் அளந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.