கிளினிக் கொப்பியில் ஆங்கிலம்

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படிக்கிறோம். மருத்துவ பீடத்தில் காலடி வைத்தால் எல்லாம் ஆங்கிலம். ஆனால் அதற்கு முன்பே, வீட்டுக்குள் ஒரு தேவை இருக்கிறது. உம்மம்மாவின் கிளினிக் கொப்பி ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது. அதை வாசித்துச் சொல்ல வேண்டியவள் படிக்கிற பிள்ளை. ஆகவே சகோதரிகளே, அந்தக் கொப்பியிலிருந்தே தொடங்குவோம்.

காத்தான்குடியில் ‘சீனி வருத்தம்’ என்றால் விளங்காதவர் இல்லை. குருதியில் சீனி கூடினால் ‘ஹைப்பர்கிளைசீமியா’, குறைந்தால் ‘ஹைப்போகிளைசீமியா’. பயப்படாமல் சொல்லை உடையுங்கள். ‘ஹைப்பர்’ என்றால் கூடுதல், ‘ஹைப்போ’ என்றால் குறைவு. ‘கிளைசி’ இனிப்பைக் குறிக்கும், ‘ஈமியா’ குருதியைக் குறிக்கும். எல்லாம் கிரேக்கத் துண்டுகள். இவை கையில் இருந்தால் ‘ஹைப்பர்டென்ஷன்’ நம் வீட்டுப் ‘பிரஷர்’தான் என்று தானே விளங்கும். ‘ஐடிஸ்’ என்று முடிந்தால் அழற்சி, ‘எக்டமி’ என்று முடிந்தால் வெட்டி அகற்றுதல்.

ஹைப்பரும் ஹைப்போவும் காதுக்கு ஒன்றுபோலத்தான் கேட்கும், வைத்தியமோ தலைகீழ். சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கி, வியர்த்து, கை நடுங்குபவருக்கு உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். (மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றக்கூடாது, ஆஸ்பத்திரிதான்.) சீனி ஏறிக் கிடப்பவருக்கு அதே தண்ணீர் கெடுதல்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் இதே வேலையை மறுதிசையில் செய்தார். 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தார். உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் பற்றிய ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். ஒவ்வொரு சொல்லையும் உடைத்துப் பார்க்காமல் அது நடந்திருக்காது.

இனி இலக்கணம். ‘எனக்குக் காய்ச்சல்’ என்கிறோம். தமிழில் நோய் நமக்கு வருகிறது. ஆங்கிலத்தில் அது நம்மிடம் இருக்கிறது: ‘ஐ ஹேவ் எ பீவர்’. ‘ஐ ஆம் பீவர்’ என்றால் காய்ச்சலே நான்தான் என்றாகிவிடும்!

‘மூன்று நாளாகக் காய்ச்சல்’ என்பதில் வரும் ‘ஆக’தான் ‘போர்’: ‘ஐ ஹேவ் ஹேட் எ பீவர் போர் த்ரீ டேஸ்’. ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்றால் ‘சின்ஸ் மண்டே’. தமிழ் இங்கே நிகழ்காலத்தோடு நிறுத்திக்கொள்ளும், ஆங்கிலம் ‘ஹேவ் ஹேட்’ கேட்கும். பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. டெங்குவில் இது காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதை வைத்துத்தான் ஆபத்தான கட்டத்தைக் கணிக்கிறார்கள். தமிழ் தெரியாத வைத்தியர் முன்னால் நிற்கும்போது ‘போர்’, ‘சின்ஸ்’ இரண்டும் பெரிய உதவி.

பெற்றோருக்கும் சில சொற்கள். கொப்பியில் ‘பி.டி.’ என்றிருந்தால் நாளுக்கு இருவேளை, ‘டி.டி.எஸ்.’ என்றால் மூவேளை. ‘மானே’ காலை, ‘நொக்டே’ இரவு. இவை ஆங்கிலமே இல்லை, லத்தீன். மருந்துப் போத்தலில் உள்ள ‘சிரப்’ அரபியின் ‘ஷராப்’. நாம் நோன்பு திறக்கக் குடிக்கும் சர்பத்தும் அதே வேரில் பிறந்தது. ‘பிரேக்பாஸ்ட்’ என்பதன் நேர்ப்பொருளே நோன்பை முறித்தல். ஆனால் ரமழானில் ‘பிபோர் பிரேக்பாஸ்ட்’ குளிசையை எப்போது குடிப்பது என்று நாமாகத் தீர்மானிக்கக்கூடாது. நோன்பு தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி. ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: வாப்பாவுக்கு இரண்டு நாளாக வயிற்றுவலி. தங்கச்சிக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து இருமல். உம்மம்மா இரவுக் குளிசை இன்னும் குடிக்கவில்லை. மூன்றாவதில் ‘டிரிங்க்’ போடாதீர்கள். ஆங்கிலேயர் குளிசையைக் குடிப்பதில்லை, ‘டேக்’ பண்ணுவார்கள்.